பெரிய வாகனமும் சிறிய ஒழுங்கையும்

2025ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு நாள் கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து ஓர் அக்கா என்னைத் தேடிக் கொழும்புக்கு வந்திருந்தார். பெண்கள் சங்கக் கூட்டங்கள் மூலம் அவரை எனக்குப் பல வருடப் பழக்கம். கணவர் 2009இல் காணாமற்போனவர். வயதான அம்மா, இரண்டு பிள்ளைகள், கணவனை இழந்த தங்கை, தங்கையின் மகள் என ஆறு பேர் கொண்ட குடும்பத்தை அவர்தான் தாங்கி நடத்துகிறார்.

கனடாவிலுள்ள தம்பி தொலைபேசியில் ஒரு யோசனை சொல்லியிருந்தாராம். “அக்கா, காசு அனுப்புறன். பெரிய ஜீப் ஒண்டு வாங்கி வையுங்கோ. நாங்கள் வந்தால் எல்லாரும் ஒண்டாத் திரியலாம். மற்ற நாளில வாடகைக்கு விடுங்கோ.”

அக்காவுக்கு ஒரு பக்கம் மகிழ்ச்சி, மறுபக்கம் பயம். “வாங்கப்போறது தம்பி. வைச்சிருக்கப்போறது நான். அதால வைச்சிருக்கிற ஆக்களிட்டக் கேட்டுத்தான் முடிவெடுக்கவேணும், பிள்ளை” என்றார்.

நான் சமூகவியல் படித்தவள். வாகனங்களைப் பற்றிப் பெரிதாக எதுவும் தெரியாது. ஆனால் அக்கா சொன்னது எனக்குச் சரியாகப்பட்டது. விற்பவரிடம் கேட்டால் நல்லதை மட்டுமே சொல்வார். வாங்கி வைத்திருப்பவரிடம், அதிலும் வீட்டுப் பெண்களிடம் கேட்டால்தான் முழுக் கதையும் வரும். எனவே இரண்டு நாட்கள் அக்காவும் நானும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெரிந்தவர் வீடுகளுக்குப் போய் வந்தோம். அந்தப் பயணத்தையே இங்கு எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் முதல் நாள்

வெள்ளவத்தை எமது பெண்கள் பலருக்கும் தெரிந்த இடந்தான். கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் வைத்தியத்துக்கும் வந்து, லொட்ஜ்களில் நாட்களை எண்ணிக்கொண்டு இருந்தவர்கள் அநேகம். 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலை கொழும்பின் லொட்ஜ்களில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்கு நோக்கி அனுப்பியதையும், அடுத்த நாளே உயர்நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததையும் பலர் மறந்திருக்கமாட்டார்கள். இன்று அதே காலி வீதியில் மாலையானதும் யாழ்ப்பாணம் செல்லும் பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. விரும்பி ஏறுகிறோம், விரும்பி இறங்குகிறோம்.

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாகச் சிறு ஒழுங்கைகள் பல இறங்குகின்றன. முடிவில் மரைன் டிரைவ் வீதி, அதற்கப்பால் ரயில் பாதை, பிறகு கடல். முன்பு தனி வீடுகள் இருந்த காணிகளில் இப்போது தொடர்மாடிகள் எழுந்துவிட்டன. வீடுகள் பத்து மடங்காகிவிட்டன, ஒழுங்கையோ பழைய அகலந்தான்.

நாம் முதலில் சென்றது ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டுக்கு. இலண்டனிலுள்ள மகன் வாங்கிக் கொடுத்த ஏழு ஆசன ஜீப் கீழே துணியால் மூடப்பட்டு நின்றது. எமது நாட்டில் பஜிரோ, பிராடோ என்று எது வந்தாலும் சனங்களுக்கு அது ஜீப்தான்.

தேநீர் தந்துவிட்டு ரீச்சர் சிரித்தார். “இது வாகனமில்லைப் பிள்ளை. வீட்டில வயசுபோன ஆள் ஒராளை வைச்சுப் பாக்கிற மாதிரி. ஓடாமல் விட்டால் பற்றரி இறங்கிப்போம். அதுக்காக ஞாயிற்றுக்கிழமையில மருமகப் பெடியன் வந்து ஸ்ராட் பண்ணிவிட்டுப் போறான். கடல் காத்தில உப்பு. கழுவாமல் விட்டால் அடிப்பக்கம் கறள் பிடிச்சிடும். எனக்கு முழங்கால் வருத்தம், ஏறுறதுக்கு முக்காலி வைக்கவேணும். ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டால் நான் ஆட்டோவிலதான் போறன்.”

“நல்லது ஒண்டும் இல்லையோ?” என்று அக்கா கேட்டார்.

“ஏனில்லை? ஊருக்குப் போகேக்க அது ராசா மாதிரி. மாரியில எங்கட குறுக்கு ரோட்டெல்லாம் வெள்ளம் நிண்டது. கார் எல்லாம் திரும்பிப்போக, இது நாலு சில்லும் இழுக்க நேரா வீட்டு வாசல்ல கொண்டுபோய் விட்டது. அது வன்னிக்கு ஏற்ற வாகனம் பிள்ளை, வெள்ளவத்தைக்கு இல்லை.”

அப்படியானால் ஏன் விற்கவில்லை என்று நான் கேட்டேன். ரீச்சர் சிறிது நேரம் பேசவில்லை. “விப்பம் எண்டால், ‘அப்ப நான் வரேக்க?’ எண்டு மகன் கேப்பான். அந்தக் கேள்விக்காகத்தான் வைச்சிருக்கிறன்” என்றார்.

படியிறங்கி வரும்போது அக்கா எதுவும் சொல்லவில்லை. காலி வீதியில் கொடி பறக்க, நீண்ட அன்ரனா கட்டிய வெள்ளை ஜீப் ஒன்று எம்மைக் கடந்து போனது. அப்போதுதான் வாய் திறந்தார். “கிளிநொச்சியில இருந்து இதுமாதிரி எத்தினை வாகனம் வரிசையாப் போனது தெரியுமே. நாங்கள் ரோட்டுக் கரையில நிண்டு பாத்துக்கொண்டிருந்தனாங்கள்.” 2008 செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் பணியாளர்கள் வன்னியை விட்டு வெளியேறிய நாளைத்தான் அவர் சொன்னார். அதன்பின் இவர்களுடைய குடும்பம் தமது உழவு இயந்திரத்தில் இடம் மாறி மாறிச் சென்று, கடைசியில் அதையும் முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு, கையில் பிள்ளைகளோடு மட்டும் வந்தது. வாகனம் என்பது எமது பெண்களுக்கு வெறும் இரும்பல்ல. எது எம்மை ஏற்றிப்போனது, எது எம்மை விட்டுவிட்டுப் போனது என்ற கணக்கும் அதனுள் இருக்கிறது.

வானும் அதன் நிறமும்

அன்று பின்னேரம் இன்னொரு ஒழுங்கையில் ஒரு கூட்டுக் குடும்பத்தைச் சந்தித்தோம். மாமி, மாமா, மகன், மருமகள், மூன்று பிள்ளைகள். மாமாவுக்குக் கிழமையில் இரண்டு தடவை சிறுநீரகச் சுத்திகரிப்பு. அவர்களிடம் இருப்பது ரொயோட்டா ஹயஸ் வான். அதனை ஓட்டுபவர் மருமகள்.

கேற்றடியில் வான் நின்றது. வெள்ளை நிறம். அக்கா கேற்றுக்கு வெளியே நின்றுவிட்டார்.

எனக்கு உடனே விளங்கியது. 2006க்குப் பிந்திய வருடங்களில் கொழும்பிலும் வடக்கு, கிழக்கிலும் ‘வெள்ளை வான்’ என்ற சொல் என்னவாக இருந்தது என்பதை இந்த இதழின் வாசகிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்த மருமகளுக்கும் விளக்கத் தேவை இருக்கவில்லை. அவர் வெளியே வந்து அக்காவின் கையைப் பிடித்து மற்றப் பக்கத்து வாசலால் உள்ளே கூட்டிச் சென்றார்.

“எங்கட மாமியும் முதல் ஆறு மாதம் இதில ஏறேல்லை அக்கா. யப்பானில இதுகளைக் கூடுதலா வேலைக்குத்தான் பாவிக்கிறவை. அதால வெள்ளைதான் கனக்க வருது. விக்கேக்கயும் வெள்ளைக்குத்தான் விலை எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். நாங்கள் அதை மட்டும் பாத்திட்டம். நீங்கள் வாங்கினால் உங்களுக்குப் பிடிச்ச நிறத்தில வாங்குங்கோ. ரெண்டு காசு குறைஞ்சாலும் பரவாயில்லை, ஒவ்வொரு நாளும் பாக்கப்போறது நீங்கள்தானே.”

வானைப் பற்றி அவர் விபரமாகவே சொன்னார். யப்பானில் சிறிய வகை வாகனம் என்று பதிவதற்கு நீளம் 4.7 மீற்றருக்கும் அகலம் 1.7 மீற்றருக்கும் மேற்படக்கூடாது என்று ஒரு விதி உண்டு. இவர்களுடைய வான் அந்த அளவுக்குள் செய்யப்பட்டது. அதனால் உள்ளே பத்துப் பேர் இருந்தாலும் ஒழுங்கைக்குள் திருப்பலாம். பெரிய ஜீப்புகள் சில 1.88 மீற்றர் அளவுக்கு அகலமானவை. ஒரு சாண் வித்தியாசந்தானே என்று நினைப்போம். எதிரே ஆட்டோ ஒன்று வந்தால் அந்த ஒரு சாணின் அருமை தெரியும்.

பக்கத்துக் கதவு தள்ளித் திறப்பது. படி தாழ்வு. மாமாவைத் தாங்கிப் பிடித்து ஏற்றலாம், சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் வைக்கலாம். குறையும் இல்லாமலில்லை. இஞ்சின் முன் ஆசனத்துக்குக் கீழே இருப்பதால் நீண்ட பயணத்தில் சூடு தெரியும். முன்பக்கம் மூக்கில்லாத வாகனம் என்பதால் மோதினால் முன்னால் இருப்பவர்களின் கால்களுக்குத்தான் முதல் ஆபத்து. “அதால நான் ஒருநாளும் மடியில பிள்ளையை வைச்சுக்கொண்டு முன்னுக்கு இருக்க ஒருத்தரையும் விடமாட்டன். பெல்ட் போடாமல் வான் வெளிக்கிடாது” என்றார்.

ஓட்டப் பழகியது எப்படி என்று அக்கா கேட்டார். “முப்பத்தாறு வயசில பழகினனான். இவருக்கு வேலைக்குப் போகவேணும், மாமாவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். ஆட்டோக்காசையும் சாரதிச் சம்பளத்தையும் கணக்குப் பாத்தம். முதல் நாள் காலி வீதியில பின்னால நிண்ட பஸ் ஹோர்ன் அடிக்க அழுதிட்டன். இப்ப நான் ஹோர்ன் அடிக்கிறன்.”

அன்றைய நாளில் அக்கா முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

கொட்டாஞ்சேனையின் ‘டொல்பின்’

மறுநாள் காலை காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். வெள்ளவத்தையின் தமிழ் ஒரு விதம் என்றால் கொட்டாஞ்சேனையின் தமிழ் இன்னொரு விதம். யாழ்ப்பாணத்தாரும் மலையகத்தாரும் பல தலைமுறையாகக் கொழும்பிலேயே வாழ்பவர்களும் கலந்த இடம். புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடமும், கருங்கல்லால் கட்டிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலும், விவேகானந்த மேடும், ஜம்பட்டா வீதிக் கடைகளும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் 2019 ஏப்ரல் 21இல் நடந்த குண்டுவெடிப்பின் வலியும் இந்தத் தெருக்களில் இன்னும் இருக்கிறது.

நாம் சந்தித்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வான் வைத்திருக்கிறார். மட்டக்குளி, முகத்துவாரம் பக்கப் பிள்ளைகளைக் கொட்டாஞ்சேனைப் பாடசாலைகளுக்குக் கொண்டுவருவது வேலை. வான் பழைய ஹயஸ். 1989 முதல் 2004 வரை வந்த அந்த உருண்டை முகத்து வானை இங்கே எல்லோரும் ‘டொல்பின்’ என்றே சொல்கிறார்கள்.

“இது எங்க வீட்டுல ஒரு ஆளுங்க மிஸ்” என்று தொடங்கினார். “காலையில பள்ளிக்கூடப் புள்ளைங்க, சனி ஞாயிறு கல்யாணம், ஆவணியில மடு மாதா திருவிழா. எம் பொண்ணு பொறக்கப் போனதும் இதுலதான், அவ அப்பாவைக் கனத்தைக்குக் கொண்டு போனப்ப நாங்க பின்னால போனதும் இதுலதான். எது உடைஞ்சாலும் பஞ்சிகாவத்தையில பழைய சாமான் கெடைக்கும். அதுனாலதான் இந்த வயசுலயும் ஓடுது.”

பின்னர் குரலைத் தாழ்த்தி இரண்டாவது வானின் கதையைச் சொன்னார். கணவர் இருந்த காலத்தில் தொழிலைப் பெருக்கலாம் என்று லீசிங்கில் இன்னொரு வான் எடுத்தார்களாம். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. வருமானம் நின்றது. தவணைகள் சேர்ந்தன. ஒருநாள் காலையில் ஆட்கள் வந்து வானை எடுத்துப் போய்விட்டார்கள். அதன் பின்னும் மிச்சக் கடன் கேட்டுக் கடிதம் வந்தது. பிணையாகக் கையெழுத்திட்டிருந்தவர் இந்த அம்மா.

“வண்டி அவரு பேருல. ஓட்டினது ட்ரைவர். காசு எண்ணினது அவரு. நம்மளோடது கையெழுத்து மட்டுந்தான். கடைசியில கடிதம் வந்தது நம்ம பேருக்கு. அதுனால சொல்றேங்க அக்கா, ஜீப்பா வானான்னு அப்புறம் பாருங்க. மொதல்ல புத்தகத்துல யாரு பேருன்னு பாருங்க.”

டீசல் சொன்ன பாடம்

கொட்டாஞ்சேனையிலிருந்து திரும்பும்போது 2022ஆம் ஆண்டைப் பற்றிப் பேசினோம். அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபா. யூன் கடைசியில் 460 ரூபா. அக்கா பையிலிருந்து மகனின் அப்பியாசக் கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தார். கொழும்பிலிருந்து கிளிநொச்சி ஏறக்குறைய 330 கிலோமீற்றர். போய்வர 660. லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் வானுக்கு 66 லீற்றர் தேவை. வருடத் தொடக்கத்தில் அது 8,000 ரூபாவுக்கும் குறைவு. ஆறு மாதத்தில் 30,000 ரூபாவைத் தாண்டிவிட்டது. கியூ.ஆர். முறை வந்தபோது வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான் கொடுத்தார்கள். ஒருமுறை ஊருக்குப் போய்வர மூன்று கிழமைக்கு மேல் சேமிக்கவேண்டும். ஜீப் அநேகமாக இதைவிடக் கூடவே குடிக்கும். 2023 செப்ரெம்பரில் அந்த முறை நீக்கப்பட்டது. ஆனால் நாட்டில் எது நடந்தாலும் பெரிய வாகனக்காரருக்குப் பெரிய அடி விழும் என்பதை அந்த வருடங்கள் காட்டிவிட்டன.

இன்னொன்றும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட வருடங்களில் பழைய வாகனங்கள் வாங்கிய விலைக்கு மேலேயே விற்றன. அதைப் பார்த்து, வாகனம் வாங்கினால் நட்டமே வராது என்று நினைத்தவர்கள் பலர். அது தட்டுப்பாட்டின் விலையே தவிர, வாகனத்தின் விலை அல்ல.

வாங்க நினைக்கும் சகோதரிகளுக்கு

இரண்டு நாட்களில் நாம் கேட்டவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்போடு பணம் அனுப்பும்போது மறுக்க மனம் வராது. ஆனால் அவர்கள் வருவது வருடத்தில் மூன்று கிழமை. மிச்சம் நாற்பத்தொன்பது கிழமையும் அந்த வாகனத்தோடு வாழ்வது நீங்கள். எனவே அந்த நாற்பத்தொன்பது கிழமைக்கு ஏற்றதைக் கேளுங்கள்.

பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கட்டும். முன்னைய உரிமையாளர் கையெழுத்திட்ட படிவத்தை மட்டும் வாங்கிவைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமல் ஓடவேண்டாம். லீசிங்கில் எடுத்தால் கடைசித் தவணை கட்டும்வரை முழு உரிமை கம்பனிக்குத்தான் என்பதை விளங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள். தவணை தவறினால் என்ன செய்வார்கள் என்பதை ஒப்பந்தத்தில் வாசிக்கச் செய்து கேளுங்கள். விளங்காத மொழியில் இருந்தால் விளங்கிய ஒருவரைக் கூட்டிப் போங்கள். வெட்கப்பட எதுவுமில்லை.

வாகனம் முற்றத்தில் சும்மா நின்றாலும் செலவு நிற்காது. காப்புறுதி, புகைப் பரிசோதனை, பிரதேச செயலகத்தில் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவை வருடாவருடம் வரும். ரயரும் பற்றரியும் இடையில் வரும். வாடகைக்கு விடுவதென்றால் சாரதியின் சம்பளத்தையும் சேருங்கள். எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்தபின் மிச்சம் வருமா என்று பாருங்கள்.

அக்கா அன்றிரவு வெள்ளவத்தையில் பஸ் ஏறுமுன் தம்பியோடு பேசினார். நான் பக்கத்தில் நின்றேன். “ஜீப் வேண்டாமடா. வாங்கிறதெண்டால் ஒரு வான், என்ர பேரில. வெள்ளை வேண்டாம். ஆனால் அதுக்கு முதல் ஒரு காரியம் கிடக்குது, அதுக்கு மட்டும் கொஞ்சக் காசு அனுப்பு” என்றார். தம்பி என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. சற்று நேரம் அக்கா பேசாமல் நின்றார். பிறகு, “ஓம், யோசிச்சுச் சொல்லு” என்று வைத்தார்.

வானைப் பற்றிய பதில் நான் இதை எழுதும்வரை வரவில்லை. சில மாதங்களின் பின் அக்கா எடுத்தார். மருத்துவச் சான்றிதழ் எடுத்து, பழகுநர் அனுமதியும் வாங்கி, பக்கத்து ஊரில் ஒரு பழைய வானில் ஓட்டப் பழகுகிறாராம்.

“பின்னால ஒரு உழவு இயந்திரம் ஹோர்ன் அடிச்சது பிள்ளை,” என்றார், “நான் அழேல்லை.”